பாறுகளை எங்கே வரைவது?

அன்புள்ள ஐயா,

கூடலூரிலிருந்து சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலையில், தேவர்சோலைக்கு அருகே ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர். வீட்டில் மலையாளம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

நம் மலையில் அழியும் நிலையில் உள்ள பறவைகளைச் சுவர்களில் வரைவது என்று சென்ற ஆண்டு தொடங்கினோம். மலை இருவாச்சி, நீலகிரிக் காட்டுப்புறா, நீலகிரிச் சிரிப்பான் ஆகியவற்றை வரைந்தபோது ஊரே பாராட்டியது. சாலையோரச் சுவர் ஒன்றில் பாறு கழுகை வரையத் தொடங்கியதும் எதிர்ப்பு வந்தது. பிணந்தின்னிக் கழுகை ஊர் முகப்பில் வரைவது அபசகுனம் என்றார்கள். பாதி முடிந்த படத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு, மயில் வரையச் சொன்னார்கள். பிள்ளைகள் மிகவும் வருந்தினார்கள். பெரியவர் ஒருவர் மட்டும், "கழுகுதான் வேண்டுமென்றால் இராவணனோடு போரிடும் சடாயுவை வரையுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்" என்றார்.

சடாயுவை வரைந்து சமாதானமாகப் போய்விடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். படம் வரைவதால் உண்மையில் ஒரு பறவையாவது பிழைக்குமா? அல்லது, வண்ணம் பூசிவிட்டு ஏதோ செய்துவிட்டதாக நாங்கள் நம்பிக்கொண்டிருக்கிறோமா?

மு.,
தேவர்சோலை

அன்புள்ள மு.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இருவாச்சியைப் பற்றி இதைக் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். அதற்கு வேண்டியது பொந்துள்ள பெருமரங்களும் ஆண்டு முழுவதும் பழம் தரும் காடும். ஒரு சுவரோவியம் அந்தக் காட்டைக் காத்துவிடும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. பாறுகளின் நிலைமை வேறு. எந்த மருந்து, எந்த வழியாக, யார் கையிலிருந்து போய் அவற்றைக் கொன்றது என்பது நமக்குத் தெரியும். அது தெரிந்திருப்பதால், படம் யார் கண்ணில் பட வேண்டும் என்பதும் தெரிகிறது.

1990-களில் ராஜஸ்தானின் பரத்பூரில், பாறுகள் கிளைகளில் கழுத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதையும் அடுத்தடுத்துச் சாவதையும் பறவையியலாளர் விபு பிரகாஷ் கவனித்துப் பதிவு செய்தார். தொற்றுநோய் என்று பலர் ஐயப்பட்டார்கள். பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸின் குழு 2004-இல் காரணத்தை வெளியிட்டது. மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற டைக்ளோஃபெனாக் ஊசிதான் அது. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால் பறவையின் சிறுநீரகம் செயலிழக்கிறது. யூரிக் அமிலம் வெளியேற வழியில்லாமல் ஈரலின் மேலும் இதயத்தின் மேலும் வெள்ளையாகப் படிகிறது. சில நாட்களில் உயிர் போய்விடுகிறது.

இறந்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே இத்தனை பெரிய அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாறுகள் கூட்டமாக இறங்கித் தின்பவை. ஒரு மாடு பல பறவைகளைக் கொன்றுவிடும். 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை இது. இழந்ததை ஈடுகட்ட அதற்குப் பல தலைமுறைகள் வேண்டும்.

இப்போது உங்கள் சாலையோரச் சுவருக்கு வருவோம். அந்தச் சுவரைப் பார்ப்பவர்கள் யார்? வயநாட்டுக்கும் ஊட்டிக்கும் காரில் போகிறவர்கள். அவர்களிடம் மாடு இல்லை. மாட்டுக்கு எந்த ஊசி வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டிய நாள் அவர்கள் வாழ்வில் வரப்போவதில்லை. பிள்ளைகளின் உழைப்பு சுண்ணாம்புக்கு அடியில் போனது எனக்கும் வேதனைதான். பாதி வரைந்த படத்தை அழிக்கச் சொன்னது கொடுமை. ஆனாலும் அந்தச் சுவருக்காக ஊரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்றே சொல்வேன். மல்லுக்கு நிற்க வேண்டிய இடங்கள் வேறு: மாட்டு ஆஸ்பத்திரி, பால் சங்கம், தீவனக் கடை, மருந்துக் கடை. அங்கே வந்து நிற்பவரின் கையில்தான் பாறுவின் உயிர் இருக்கிறது. கன்று ஈன்ற மாடு எழுந்திருக்கவில்லை என்ற பதற்றத்தோடு அவர் நிற்பார். அந்த நேரத்தில் கண்ணெதிரே பறவையின் படமும், பக்கத்தில் மருந்துகளின் பெயரும் இருக்க வேண்டும்.

அந்தப் பெயர்களைப் படத்தின் ஒரு பகுதியாகவே எழுதுங்கள். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. அதன் பிறகும் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள்; 2015-இல் மனிதர்களுக்கான ஊசியையும் 3 மில்லி குப்பியாகக் குறைத்தார்கள். கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடுகிறது. பெயர் வேறாக இருப்பதால் அதைப் பாதுகாப்பானது என்று எண்ணியவர்கள் உண்டு. மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் மாட்டின் வலியைக் குறைக்கும், பாறுகளையும் கொல்லாது. இந்த இரண்டு பெயர்களைப் பெரிய எழுத்தில், தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். மாடு வளர்ப்பவரிடம் "செய்யாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமில்லை. மாடுதான் அவருடைய பிழைப்பு.

உங்கள் பக்கத்துக்கு இன்னொரு படமும் தேவை. புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மேல், ஆத்திரத்தில் பூச்சிமருந்தைத் தெளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். புலி திரும்பி வருவதற்கு முன்னால் பாறுகள் வந்து இறங்கிவிடும். இதை வரைவது கடினம், தெரியும். மாட்டை இழந்தவரைக் குற்றவாளியாகக் காட்டாமல் வரைய வேண்டும். இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் மனுக் கொடுக்கும் வழியை அதே படத்தில் சேர்த்தால் அவர் நின்று படிப்பார். இந்தப் படத்தை உங்கள் மூத்த மாணவர்களிடம் ஒப்படையுங்கள். தோட்டத்து வீடுகளில் மாடு இழந்த கதையை அவர்கள் கேட்டு வளர்ந்திருப்பார்கள்.

எப்படி வரைவது என்பதைப் பற்றி ஓவிய ஆசிரியைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பறவையை அறிந்தவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: பொதுவான ஒரு "கழுகை" வரையாதீர்கள். நம் மலையில் நான்கு வகைப் பாறுகள் இருக்கின்றன, நான்கும் நான்கு முகம். வெண்முதுகுப் பாறு ஏறக்குறையக் கருப்பு. கழுத்தடியில் வெள்ளைப் பிசிறு, கீழ்முதுகில் வெள்ளைப் பட்டை. பறக்கும்போது கீழிருந்து பார்த்தால் இறக்கையின் முன்பாதி வெளுத்தும் பின்பாதி கருத்தும் தெரியும். இதன் குஞ்சுக்கு அந்த முதுகு வெள்ளை இருக்காது, பழுப்பாக இருக்கும். அதையும் சேர்த்து வரையாவிட்டால் இளம்பறவையைப் பார்க்கிறவர் வேறு ஏதோ என்று நினைத்துவிடுவார். கருங்கழுத்துப் பாறு வெளிர்பழுப்பு உடலும் கருத்த தலையும் கொண்டது, செங்குத்தான பாறைகளில் கூடு வைப்பது. செந்தலைப் பாறுவைப் பிள்ளைகள் விரும்பி வரைவார்கள்: குங்குமச் சிவப்புத் தலை, கருத்த உடல், தொடையில் வெள்ளைத் திட்டு. இது கூட்டம் சேராது, பெரும்பாலும் இணையாகவே காணப்படும். ஆகவே பத்துச் செந்தலைகளை ஒரே மரத்தில் உட்காரவைக்க வேண்டாம். மஞ்சள்முகப் பாறு எல்லாவற்றிலும் சிறியது. வெள்ளுடல், மஞ்சள் முகம், ஆப்பு வடிவ வால். முதல் மூன்றும் மிகவும் அழிவாபத்தில் உள்ளவை என்ற பட்டியலிலும், நான்காவது அதற்கு அடுத்த பட்டியலிலும் இருக்கின்றன.

அந்த முடியற்ற கழுத்தை அழகுபடுத்தாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எதிர்ப்பு வந்தபின் இறகு முளைத்த கழுத்தை வரைந்து பறவையைச் சாந்தமாக்கத் தோன்றும். பிணத்துக்குள் தலையை நுழைத்துத் தின்னும் பறவைக்குக் கழுத்தில் இறகிருந்தால் இரத்தமும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் உடல் சூட்டைத் தணிக்கவும் அந்த வெற்றுத் தோல் உதவுகிறது. அருவருப்பு என்று ஒதுக்கப்படும் அந்த உறுப்பினால்தான் அது காட்டைச் சுத்தம் செய்கிறது. பின்னணியில் மரம் வரைவதானால் நீர்மருதாக இருக்கட்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுவது பெரும்பாலும் ஆற்றோர நீர்மருதுகளில்தான். ஆனால் கூடு இருக்கும் இடத்தின் பெயரையோ வழியையோ படத்தில் எழுதிவிடாதீர்கள். கேமராவோடு ஆட்கள் போய் நின்றால் பறவை கூட்டை விட்டுவிடும்.

துல்லியத்தைப் பற்றிச் சொல்லும்போது சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் நினைவு வருகிறது. 1801 முதல் 1807 வரை அங்கே நீதிபதியின் மனைவியாக இருந்த எலிசபெத் க்வில்லிம், நம் பறவைகளை ஏறத்தாழ இயல்பான அளவிலேயே, இறகு இறகாக வரைந்தார். சென்னையிலேயே இறந்தும் போனார். அந்த ஓவியங்கள் 1924-இல் லண்டனில் விலைக்கு வாங்கப்பட்டு, இன்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றின் அச்சுப் படிகளைப் பார்க்கும்போதெல்லாம் வியப்போடு ஒரு துக்கமும் சேர்ந்து வருகிறது. அந்தப் பறவைகளோடு ஒரே ஊரில் வாழ்ந்த மக்கள் கண்ணில் அந்தப் படங்கள் படவே இல்லை. உங்கள் மாணவர்கள் கையில் அந்தத் திறமை இல்லாமலிருக்கலாம். ஆனால் அவர்களுடைய படத்தை மாட்டுக்காரர் பார்ப்பார்.

சடாயுவைப் பற்றிய கேள்வி என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. கம்பன் காட்டும் சடாயு தயரதனின் தோழன். இராமன் அவனுக்குத் தந்தைக்குச் செய்வது போலவே ஈமக்கடன் செய்கிறான். கேரளத்தின் சடையமங்கலத்தில் குன்றின் மேல் 200 அடி நீளத்துக்குச் சடாயுவின் சிற்பம் கிடக்கிறது. அதே கேரளத்தில் உயிருள்ள பாறுகள் மிஞ்சியிருப்பது உங்கள் எல்லைக்கு அப்பால் உள்ள வயநாட்டில் மட்டும்தான். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து சர்க்கரைப்பொங்கல் உண்டுபோன இரண்டு பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள். அந்தப் பறவைகளின் படம் எத்தனையோ வீடுகளில் மாட்டப்பட்டிருந்தது. 1990-களுக்குப் பிறகு அவை வரவில்லை. பக்தி அந்த இனத்தைக் காக்கவில்லை. மலைக்கு வந்த பறவையைத் தெய்வமென்று கும்பிட்டார்கள், ஊருக்கு வெளியே மாட்டைத் தின்ற அதே பறவையைக் கல்லெறிந்து விரட்டினார்கள்.

ஆகவே சடாயுவை வரையுங்கள், ஆனால் கருடனின் முகத்தோடு வரையாதீர்கள். நாட்காட்டிப் படங்களில் சடாயுவுக்கு இறகடர்ந்த தலையும் பொன்னிற உடலும் தருகிறார்கள். உங்கள் சடாயுவுக்கு முடியற்ற நீண்ட கழுத்தும் வெண்பிசிறும் வெள்ளைக் கீழ்முதுகும் இருக்கட்டும். யாராவது "இது பிணந்தின்னிக் கழுகு ஆயிற்றே" என்று கேட்டால், ஆம் என்று பிள்ளைகள் சொல்லட்டும். அந்தப் பெரியவர் உங்களுக்குக் காட்டிய வழி நல்ல வழி. அவரையே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலைப் பற்றி ஒன்று. மயில் அழியும் பறவை இல்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெருகிக்கொண்டிருக்கிறது. அழிவைப் பற்றிய சுவர்களில் அதற்கு இடம் கொடுத்தால் பார்ப்பவர்கள் எல்லாம் நலமாக இருப்பதாக எண்ணிக்கொள்வார்கள்.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எண்ணியபோது 246 பாறுகள் கணக்கில் வந்தன. அதே ஆண்டின் இறுதியில் எண்ணியபோது 320. எண்ணும் இடங்களும் ஆட்களும் மாறுவதால் இதை அப்படியே பெருக்கம் என்று கொள்ள முடியாது. ஆனால் பிழைத்திருக்கும் பறவைகள் உங்கள் பள்ளியிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. பிள்ளைகளை ஒருமுறை வனத்துறையின் அனுமதியோடு மாசினகுடிப் பக்கம் அழைத்துப் போய், தொலைவில் வட்டமிடுவதையாவது பார்க்கச் செய்யுங்கள். பார்க்காத பறவையை வரைந்தால் கோடு பொய் சொல்லிவிடும்.

முதலில் சுவர் வேண்டாம், தாளில் தொடங்குங்கள். நான்கு பாறுகளும் இரண்டு நல்ல மருந்துகளும் உள்ள ஒரே தாள், இரண்டு மொழியில். அச்சுக்குக் கொடுக்கும் முன் உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டி மருந்துப் பெயர்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தடைப் பட்டியல் அவ்வப்போது நீள்கிறது, 2024-இன் இறுதியில் நிமெசுலைடும் அதில் சேர்ந்துவிட்டது. அச்சுச் செலவில் பாதியை நான் ஏற்கிறேன். மீதிக்குப் பால் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். கொடுக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள்.