எரிமலை ஏன் சில இடங்களில் மட்டும் உருவாகிறது?

பூமிக்கு அடியில் முழுக்க நெருப்புக் குழம்பு என்றுதான் பலரும் நினைக்கிறோம், ஆனால் மேலோட்டுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் திடப் பாறைதான். அப்புறம் எப்படி உருகுகிறது? ஜப்பான், சிலி பக்கமெல்லாம் கடலடித் தட்டு (பூமியின் வெளிப்பகுதி இப்படிப் பல பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்கிறது) இன்னொரு தட்டுக்கு அடியில் சரியும்போது தன்னோடு நீரையும் கொண்டுபோகிறது; சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில் அந்த நீர் கசிந்து மேலே உள்ள சூடான பாறையில் சேர, அதன் உருகுநிலை குறைந்து மாக்மா, அதாவது உருகிய பாறைக் குழம்பு, ஆகிறது. பசிபிக்கைச் சுற்றி எரிமலைகள் வளையமாக நிற்பது இதனால்தான். ஐஸ்லாந்தில் தட்டுகள் விலகுகின்றன, அங்கே அழுத்தம் குறைந்தே பாறை உருகிவிடும். ஹவாயோ தட்டின் நடுவில், அடியிலிருந்து சூடான பாறை மேலெழும் இடத்தில் இருக்கிறது.

மெக்சிகோவில் 1943-இல் ஒரு சோள வயலில் விரிசல் விட்டுப் புகை வந்தது, ஒரே வருடத்தில் அது 300 மீட்டருக்கு மேல் வளர்ந்த மலை! பரிகுட்டின் என்று பெயர்.