சத்தம் போடும் ஹீட்டரும் கையெழுத்துப் போட்ட ஜாப் ஷீட்டும்

கேள்வி: பாளையங்கோட்டையில் சொந்த வீடு. 14 மாதத்துக்கு முன் 8,900 ரூபாய் கொடுத்து 25 லிட்டர் வாட்டர் ஹீட்டர் வாங்கினோம். மூன்று மாதமாகப் போட்டாலே கடகடவென்று சத்தம். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் தண்ணீர் வெதுவெதுப்புதான். பேறுகாலத்துக்கு மகள் வந்திருக்கிறாள், விறகடுப்பில் வெந்நீர் போட்டுச் சுமக்கிறேன். கடை அண்ணாச்சியிடம் கேட்டால், "ஒங்க ஊட்டுத் தண்ணிக்கு நாங்க என்ன செய்ய முடியும்?" என்று எடுத்தெறிந்து பேசுகிறார். எங்களுக்கு ஆத்துத் தண்ணி கனெக்‌ஷன் இருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த பையன் மூடியைக்கூடக் கழற்றாமல் ஏதோ எழுதினான், கையெழுத்துக் கேட்டான், போட்டேன். இப்போது வாரண்டி இல்லை என்கிறார்கள். ஹீட்டருக்குப் பணமும் மன உளைச்சலுக்கு 2 லட்சமும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்:

அம்மா, அண்ணாச்சி பேசிய பேச்சு, நீங்கள் வெந்நீர் சுமந்தது, 2 லட்சம் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: "மூடியைக்கூடக் கழற்றாமல் எழுதினான், கையெழுத்துப் போட்டேன்." உங்கள் வழக்கின் உயிரும் அதில்தான் இருக்கிறது, அதைக் கெடுக்கப்போவதும் அந்தக் கையெழுத்துதான்.

அந்தப் பையன் எழுதிய தாள்தான் ஜாப் ஷீட். நீங்கள் அனுப்பிய அதன் நகலில் ஆங்கிலத்தில் "ஹெவி ஸ்கேலிங், ஹார்ட் வாட்டர், நாட் கவர்டு" என்று இருக்கிறது. அதாவது உப்புப் படிவு அதிகம், உப்புத் தண்ணீர், வாரண்டியில் சேராது. அதன் கீழே "கஸ்டமர் சாட்டிஸ்ஃபைடு", வாடிக்கையாளருக்குத் திருப்தி என்று. அதற்கு நேரே உங்கள் கையெழுத்து. வாரண்டி அட்டையில், தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்கு 4 வருடம், டேங்குக்கு 7 வருடம் என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கத்துப் பொடி எழுத்தில் உப்புப் படிவு சேராது என்ற வரி இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனி வக்கீல் இந்த இரண்டு தாளையும் நீட்டுவார். பொருளில் குறை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதாவது நீங்கள்.

உங்கள் ஹீட்டரில் என்ன கோளாறு என்பதை மூடியைத் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற, 2,000 வாட் காயிலுக்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியில் 1 யூனிட் ஓடும். வீட்டில் ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஹீட்டரை மட்டும் போட்டு, இ.பி. மீட்டரைப் பாருங்கள். ஹீட்டரின் விளக்கு எரிந்துகொண்டே இருந்து மீட்டர் நகரவே இல்லை என்றால் காயில் போய்விட்டது. அரை மணியில் 1 யூனிட் ஓடியும் குழாயில் சூடு வரவில்லை என்றால் கோளாறு ஹீட்டரில் இல்லை, மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணீர் கலக்கிறது. அந்த வழக்கை பிளம்பரோடு முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அரை யூனிட்டுக்குப் பக்கத்தில்தான் ஓடியது, ஆனால் விளக்கு அணையவே இல்லை என்றால் வோல்டேஜ் குறைவு: 180 வோல்ட்டில் 2,000 வாட் காயில் சுமார் 1,225 வாட்தான் தரும், அரை மணி வேலைக்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும். ஆனால் வோல்டேஜ் குறைவில் சத்தம் வராது.

பத்து, பன்னிரண்டு நிமிடத்திலேயே விளக்கு அணைந்து, தண்ணீர் வெதுவெதுப்பாக நின்றுவிட்டால், கூடவே அந்தக் கடகட சத்தமும் இருந்தால், நல்ல செய்தி இல்லை. காயில் மேல் சுண்ணாம்பு போல உப்பு ஏறியிருக்கும். அந்தப் படிவுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடித்து வெளியே வரும் சத்தம்தான் அது. சூடு ஏறியதும் கரண்ட்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குழாய் காயிலுக்கு ஒட்டியே இருப்பதால், படிவு இரண்டையும் சேர்த்து மூடிவிடும். தெர்மோஸ்டாட்டுக்குக் காயிலின் சூடு மட்டும் தெரியும், டேங்கின் மேலே இருக்கும் தண்ணீர் சுட்டதா இல்லையா என்பது தெரியாது. அது முன்கூட்டியே கட் ஆகும். தெர்மோஸ்டாட் மட்டும் பழுதானாலும் விளக்கு இப்படி அணையும். அது கம்பெனி தலையில். ஆனால் அப்போது இவ்வளவு சத்தம் இருக்காது.

"எங்களுக்கு ஆத்துத் தண்ணி கனெக்‌ஷன் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். தாமிரபரணித் தண்ணீர் வருகிறது, சரி. அது மாடி டேங்குக்கு ஏறுகிறதா? நம் பக்கத்தில் பாதி வீடுகளில் ஆத்துத் தண்ணீர் குடத்துக்கும் அடுப்படிக்கும்தான், மாடி டேங்குக்கு ஏறுவது போர் தண்ணீர். குளியலறைக் குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கம்பெனி வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார். வழக்குப் போடும் முன்பே மாடி டேங்குத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, மொத்தக் கடினத்தன்மை, அதாவது படிவை உண்டாக்கும் உப்பு, எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். தெருவில் பேனா மாதிரி ஒன்றை முக்கி டி.டி.எஸ். சொல்வார்களே, அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் அளவு, கடினத்தன்மை அல்ல. குடிதண்ணீருக்கே லிட்டருக்கு 200 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. உங்களுடையது அதைத் தாண்டினால் அந்த அறிக்கை உங்களுக்குச் சாட்சி ஆகாது.

இனி நான் பயப்படும் இடம். இப்படிப்பட்ட வழக்குகள் தோற்பது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, தெரு மெக்கானிக்கால். கம்பெனிக்காரன் கைவிட்டான் என்ற கோபத்தில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் திருகின் மேலிருக்கும் வாரண்டி ஸ்டிக்கரைக் கிழித்து, அடித்தட்டைக் கழற்றி, காயிலை மாற்றி, பழைய காயிலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். சிலர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றி ஆட்டிக் கொட்டுவார்கள். உப்பு போகும், டேங்கின் உள்பூச்சும் போகும், 7 வருட வாரண்டியும் கூடவே போகும். அதன் பிறகு வழக்குப் போடுவார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆம் பிரிவுப்படி, பார்த்தவுடன் தெரியாத குறை என்றால் ஆணையம் பொருளின் மாதிரியை வாங்கி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் புகார்தாரர். எதை அனுப்புவது? சுவரில் தொங்குவது வேறு காயில் போட்ட ஹீட்டர். பழைய காயில் ஆக்கர் கடையில்.

உங்களிடம் இன்னும் திறக்காத ஹீட்டர் இருக்கிறது. அதுதான் உங்கள் ஒரே சொத்து. வந்தவன் உள்ளே பார்க்காமலே "ஹெவி ஸ்கேலிங்" என்று எழுதினான் என்பதை, ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கும் வரைதான் யாராவது நம்புவார்கள். இன்றே ஸ்டிக்கரும் தேதியும் தெரியும்படி போட்டோ எடுங்கள். கம்பெனிக்குப் பதிவுத் தபாலிலும் மெயிலிலும் பத்தே வரி எழுதுங்கள்: இன்ன தேதி வந்தவர் மூடியைக் கழற்றவில்லை, ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டவில்லை, அந்தக் குறிப்பை நான் ஏற்கவில்லை, என் முன்னிலையில் திறந்து பரிசோதிக்க வேண்டும், கழற்றும் எந்தப் பாகத்தையும் எடுத்துப்போகக் கூடாது. இதை இரண்டு மாதம் கழித்து எழுதினால் வக்கீல் சொல்லிக்கொடுத்து எழுதியது என்பார்கள். அடுத்த முறை வரும் ஆள் எழுதும் தாளில் "திருப்தி" என்ற கட்டத்தை அடித்துவிட்டு, "ஆட்சேபணையுடன்" என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

நோட்டீஸ், புகார், ஆன்லைன் பதிவு எல்லாம் நீங்கள் அறிந்ததே. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. காலக்கெடு 2 வருடம். கடிதம் எழுதிக்கொண்டே இருந்தால் அது நீளாது.

உப்புதான் காரணம் என்றானால் உங்களுக்கு மிஞ்சும் வாதம் ஒன்று: அந்த நிபந்தனையை பில் போடும் முன் காட்டினார்களா, டப்பாவைப் பிரித்த பிறகுதான் தெரிந்ததா? உப்புத் தண்ணீருக்கென்று தனி காயில் போட்ட மாடல்கள் விற்கிறார்கள். என்ன தண்ணீர் என்று கேட்காமலே இதைத் தலையில் கட்டினார்கள் என்றால், தெரிந்த தகவலை மறைத்ததைச் சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். வாதம் நல்லதுதான். ஆனால் கடையில் நடந்த வாய்ப்பேச்சுக்கு சாட்சி யார்? உங்கள் வீட்டுக்காரர் மட்டும்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன்: அந்தக் கடிதத்தைப் போட்ட கையோடு சமாதானமாகப் போங்கள், அதுவும் அவர்கள் வந்து ஹீட்டரைத் திறப்பதற்கு முன்னால். மூடி இருக்கும் வரை உள்ளே என்ன என்பது அவர்களுக்கும் தெரியாது, பேரம் பேச இடமுண்டு. திறந்து விரல் தடிமனுக்கு வெள்ளைப் பாறை தெரிந்துவிட்டால் அப்புறம் உங்கள் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். புதிய ஹீட்டர் கேட்காதீர்கள், கிடைக்காது. உப்புத் தண்ணீர் தாங்கும் காயில், டேங்க் அரிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி, டேங்க் சுத்தம் மூன்றையும் இலவசமாக, முடியாவிட்டால் பாதி விலைக்குக் கேளுங்கள். புதுக் காயிலுக்கு அன்றிலிருந்து வாரண்டி என்று கம்பெனி முத்திரையோடு எழுதி வாங்குங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டுப் பேசினால் காரியம் சீக்கிரம் நடக்கும். 8,900 ரூபாய்ப் பொருளுக்கு வாய்தா வாய்தாவாக ஆணையத்துக்கு அலைந்தால், ஆட்டோக் காசே காயில் விலையைத் தாண்டும்.

அதுவரை, அந்த ஒரு மீட்டர் சோதனைக்குத் தவிர, ஹீட்டரைப் போடாதீர்கள். கோளாறு தெரிந்தும் மூன்று மாதம் ஓட்டினீர்கள் என்று ஏற்கெனவே ஒரு கேள்வி காத்திருக்கிறது. தவிர, உப்பு ஏறிய ஹீட்டரில் பிரஷர் வால்வும் அடைத்திருக்கலாம், அது விளையாட்டு இல்லை. பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர் யாராவது போட்டுவிடுவார்.