பையனுக்குப் பதினாறு வயசு: சிறார் நீதி, வாசகர் கேள்விகள்

பம்புசெட் ஒயரைத் திருடிட்டான்னு என் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவனுக்கு 16. வயசு 19-னு எழுதியிருக்காங்களாம். ஆதாரைக் காட்டினா போதுமா? (ஒரு தாய், மன்னார்குடி)

போதாதும்மா. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு கேட்பது பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அவை இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று. எதுவுமே இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை.

ஒரு குறுவை நடவு சமயம், ஒரு அம்மா மஞ்சப்பை நிறையக் காகிதத்தோடு என்னிடம் வந்தார். ரேஷன் கார்டு, ஆதார், மழையில் நனைந்து மடிப்பில் கிழிந்த டி.சி. அந்த டி.சி. போதாது என்று 2023-இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறப்புப் பதிவைத் தேடி எடுக்கும் வரை அவருடைய பையன் பெரியவர்களோடு ஜெயிலில் கிடந்தான். அந்த நாட்களை அவனுக்கு யார் திருப்பித் தருவார்கள்?

இன்றே பள்ளிக்குப் போய்ப் பிறந்த தேதிச் சான்று வாங்குங்கள். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். லாக்கப்பில் வைத்திருந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.

ஜாமீன் கொடுத்தும் கையெழுத்துப் போட ஆள் கிடைக்கலை. தம்பி இன்னும் கூர்நோக்கு இல்லத்துலதான் இருக்கான். (திருவாரூர்)

ஆள் ஜாமீன் இல்லாமலே விடலாம் என்கிறது அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு. நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதைத் தளர்த்தக் குழுமத்தின் முன் அவனைத் திரும்ப நிறுத்த வேண்டும். நாளைக்கே மனு போடுங்கள்.

பழைய கேஸ் வேலைக்குத் தடையாகுமா, சார்? (நாகப்பட்டினம்)

ஆகாது. 16 வயது நிறைந்து, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்கப்பட்டு, குற்றம் செய்ததாகக் கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. முடிந்த வழக்கைப் போலீஸ் நன்னடத்தைச் சான்றில் குறிப்பிடவும் கூடாது.

கூர்நோக்கு இல்லங்கள் எப்போது திருந்தும்? (கும்பகோணம்)

2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்தான். அதன் பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. கட்டடமும் கேமராவும் வரட்டும். ஆனால் நான் முதலில் கேட்பது நன்னடத்தை அலுவலரின் சமூக விசாரணை அறிக்கையை. 15 நாளில் வர வேண்டிய அது, பல நேரம் வீட்டுப் பக்கமே போகாமல் எழுதப்படுகிறது. அப்பா குடிக்கிறாரா, பையன் எந்த வகுப்போடு படிப்பை விட்டான், அவனைத் திருட்டுக்கு அழைத்துப் போனது யார் என எதுவும் அதில் இருக்காது. உங்கள் பிள்ளையின் அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீல் மூலம் அவசியம் கேளுங்கள்.