கசிவு, வியர்வை, மலச்சிக்கல்: புரோஸ்டேட் புற்றுநோய் கேள்வி பதில்

புற்றுநோய்க்காகப் புரோஸ்டேட் சுரப்பியை அகற்றி இரண்டு மாதமாகிறது. பி.எஸ்.ஏ. (இந்த நோயைக் கண்காணிக்கும் ரத்தப் பரிசோதனை அளவு) நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் எழுந்தாலும் இருமினாலும் சிறுநீர் சொட்டுகிறது. இடுப்புத்தளப் பயிற்சி தினமும் செய்தும் பலனில்லை. (வாசகர், திண்டுக்கல்)

இரண்டு மாதத்தில் முடிவுகட்டாதீர்கள். சிறுநீரை அடைத்துவைக்கும் பொறுப்பு இரண்டு வால்வுகளுக்கு இருந்தது. அறுவையில் உள் வால்வு பாதிக்கப்பட்டுவிடுவதால் இப்போது வெளி வால்வு ஒன்றே பாரத்தைத் தாங்குகிறது. அது பலப்பட மாதங்கள் ஆகும். பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் கசிவு வெகுவாகக் குறைந்துவிடும்.

'தினமும் செய்கிறேன்' என்பவர்களில் பலர் வயிற்றையோ பிட்டத்தையோ தான் இறுக்குகிறார்கள், மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். வயிற்றை இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கிக் கசிவு கூடத்தான் செய்யும். கண்ணாடி முன் ஆடையின்றி நின்று பாருங்கள். சரியான தசையை இறுக்கினால் ஆணுறுப்பின் அடிப்பகுதி லேசாக உள்ளே இழுபடும், விதைப்பை சற்று மேலேறும். வயிறும் தொடையும் அசையக் கூடாது.

5 விநாடி இறுக்கி, 5 விநாடி முழுதாகத் தளர்த்துங்கள். இப்படி 10 முறை. பிறகு வேகமாக இறுக்கி விடுவது 10 முறை. காலையில் படுத்தும், மதியம் உட்கார்ந்தும், மாலையில் நின்றும் செய்யுங்கள். சில வாரங்களில் 5 விநாடியை 10 ஆக்கலாம். ஆர்வக்கோளாறில் நூறு இருநூறு என்று போகாதீர்கள். களைத்த தசை சாயங்காலம் கைவிட்டுவிடும். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பார்ப்பது, தசை எதுவென்று தெரிந்துகொள்ள ஒருமுறைதான்; அதையே பயிற்சியாக்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், எழுவதற்கும் இருமுவதற்கும் ஒரு நொடி முன்பே இறுக்கிக்கொள்ளும் பழக்கம்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் அநேகம். அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி, அவசரத்தைத்தான் கூட்டும். காபி, டீயைக் குறையுங்கள், தண்ணீரை அல்ல. மாதம் ஒருநாள், 24 மணி நேரத்தில் மாற்றிய பேடுகளைச் சமையலறைத் தராசில் நிறுத்து, உலர்ந்த பேடின் எடையைக் கழித்துக் குறித்துவையுங்கள். 1 கிராம் என்பது ஏறக்குறைய 1 மி.லி. 'கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கு டாக்டர்' என்பதைவிட இந்தக் கணக்கு அவருக்கு உதவும். ஓராண்டு கடந்தும் தொந்தரவு இருந்தால் ஸ்லிங் (சிறுநீர்க்குழாயைத் தாங்கும் பட்டை), செயற்கை வால்வு என்று அறுவை வழிகள் உண்டு.

அப்பாவுக்கு 72 வயது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. இரவில் திடீரென உடம்பு கொதித்து வியர்க்கிறது. எலும்பும் தேயும் என்கிறார்களே? (வாசகி, கும்பகோணம்)

மாதவிடாய் நிற்கும்போது பெண்களுக்கு வரும் அதே அனல்தான். ஆண் ஹார்மோன் சட்டென இறங்குவதால் மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. எப்போது வருகிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். சூடான காபி, காரம், மது, புழுக்கமான அறை ஆகியவை அடிக்கடி தூண்டும். தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் வென்லாஃபாக்சின், மெட்ராக்சிபுரொஜெஸ்டிரோன் போன்ற மருந்துகள் உண்டு. கேட்டு வாங்க வேண்டும், 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடக் கூடாது.

எலும்பு தேய்வது உண்மை. ஊசி தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. நாளுக்கு மொத்தம் 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி., ஒரு டம்ளர் பாலில் (200 மி.லி.) 240 மி.கி. அளவில் கிடைத்துவிடும், குறைவதற்கு மட்டும் மாத்திரை. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு, ஒருவேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போகாமல் கொடுங்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவரானால் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை 10 முறை, வாரத்தில் மூன்று நாள் செய்யச் சொல்லுங்கள். ஏற்கெனவே எலும்பில் பரவியிருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

எலும்புக்கென சொலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி போடச் சொன்னால், அதற்கு முன் பல் டாக்டரிடம் போங்கள். பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே ஊசி. ஊசி போட்ட பின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு.

ஆண் ஹார்மோன் சுரப்பதைத் தடுக்கும் அபிராடெரோன் மாத்திரையைக் காலை இட்லியோடு போடலாமா? (வாசகர், சேலம்)

1,000 மி.கி. அளவானால் கூடாது. உணவோடு சேர்ந்தால் மருந்து பல மடங்கு ரத்தத்தில் ஏறிவிடும். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் போட்டு, அடுத்த 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. கூடத் தரும் பிரட்னிசலோனை மட்டும் உணவோடு போடுங்கள். அதைத் திடீரென நிறுத்தவே கூடாது. செலவைக் குறைக்கச் சில மருத்துவர்கள் 250 மி.கி.யை உணவோடு எழுதுவதுண்டு. அந்த அளவு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரத்த அழுத்தம், பொட்டாசியம் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

எலும்பில் பரவிய வலிக்கு மாமாவுக்கு மார்ஃபின் தருகிறார்கள். நான்கு நாளாக மலம் போகவில்லை. இசப்கோல் கொடுக்கலாமா? 'அது கடைசி மருந்து' என்று வீட்டில் பயப்படுகிறார்கள். (வாசகர், திருநெல்வேலி)

இசப்கோல் வேண்டாம். மார்ஃபின் குடலின் அசைவையே மந்தமாக்குகிறது. அங்கே போய்த் தண்ணீரில் உப்பும் பொருள் அடைப்பைத்தான் கூட்டும். குடலை அசைக்கும் சென்னா அல்லது பிசகோடில் தேவை. அதை மார்ஃபின் தொடங்கிய முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டும். மயக்கமும் குமட்டலும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. ஆனால் நான்கு நாள் ஆகிவிட்டதால் குடல் அடைப்பு இல்லையென்று டாக்டரோ செவிலியரோ பார்த்த பிறகே மருந்து.

மார்ஃபின் கடைசி மருந்தல்ல, வலிக்கான மருந்து. வலி வந்த பிறகல்ல, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். கை கால் வெடுக்கென உதறினாலோ, அதிகத் தூக்கமும் பிதற்றலும் வந்தாலோ உடனே சொல்லுங்கள். இந்த நோயில் சிறுநீர்ப் பாதை அடைபட்டு, சிறுநீரகம் தளர்ந்து, மருந்து உடம்பில் தேங்கியிருக்கலாம். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். நடமாட முடியாதவரானால் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் சேவையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எந்த முதுகுவலிக்குப் பயப்பட வேண்டும்? (அதே வாசகர்)

புதிதாக வந்து நாளுக்கு நாள் ஏறும் வலி, படுத்தாலும் இருமினாலும் கூடும் வலி, பெல்ட் கட்டினாற்போல் நெஞ்சைச் சுற்றும் வலி. கால் பலமிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது இவற்றில் ஒன்று சேர்ந்தால் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள்; எண்ணெய் தேய்க்கவோ நீவிவிடவோ வேண்டாம். நடக்க முடிகிறபோதே ஸ்டீராய்டும் கதிர்வீச்சோ அறுவையோ கிடைத்தால் நடை பெரும்பாலும் தப்பும். கால் விழுந்த பிறகு மீள்வது அரிது. இரவானாலும் 108-ஐ அழைத்து, படுக்கவைத்தே, எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பழைய ஸ்கேன் படங்களும் மருந்துச் சீட்டும் கையோடு இருக்கட்டும்.