மிருதங்கத்தின் தொப்பி எங்கே போனது?

கேள்வி: என் கார் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீரிங்கில் உள்ள பட்டன்கள் எல்லாம் காரோடு வந்த ஸ்டீரியோவில் இணைந்திருப்பதால் அதை மாற்ற விருப்பமில்லை. ஆனால் கச்சேரி கேட்டால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை கேட்கிறது, கனத்த ஒலி தரும் இடப்பக்கமான தொப்பி கேட்பதில்லை. 300 வாட் ஸ்பீக்கர் நான்கு போடலாம் என்கிறார் கடைக்காரர். போடலாமா? கம்பெனி வாரண்டிக்கு ஏதாவது சிக்கல் வருமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, பர்ஸை இப்போதைக்குத் திறக்காதீர்கள். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 300 வாட் என்பது அந்த ஸ்பீக்கர் ஒரு கணம் தாங்கக்கூடிய உச்சம். அதை ஊட்ட வேண்டியது உங்கள் ஸ்டீரியோ. என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். அதை வைத்து 4 ஓம் மின்தடையுள்ள ஸ்பீக்கருக்கு ஒலி சிதையாமல் 25 வாட் கொடுப்பதே பெரும்பாடு. நடைமுறையில் 15 முதல் 20 வாட்தான். குழாயில் வருவது ஒரு குடம் தண்ணீர், கீழே அண்டாவை வைத்து என்ன பயன்?

பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு எண் இருக்கும். அதைப் பாருங்கள். 3 டெசிபல் கூடினால், பாதி மின்சாரத்திலேயே அதே சத்தம் கிடைக்கும். 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு 60 வாட் தேவைப்படும் இடத்தில் 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 15 வாட் போதும். 90க்குக் குறைந்ததை வாங்காதீர்கள். பழைய ஸ்பீக்கரைக் கழற்றியதும் அது எத்தனை ஓம் என்று மல்டிமீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் மூன்றரைக்கு அருகில் காட்டும். சில கார்களில் 2 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பார்கள். அங்கே 4 ஓம் போட்டால் சத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கிவிடும்.

நான்கும் வேண்டாம், முன்கதவு இரண்டுக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சமாகும் காசைக் கதவுக்குச் செலவிடுங்கள். உங்கள் தொப்பி தொலைந்த இடம் அதுதான். கதவின் உட்பக்க உறையான டோர் பேடைக் கழற்றினால் உள்ளே மெல்லிய தகடும், கை நுழையும் அளவு ஓட்டைகளும் தெரியும். ஸ்பீக்கரின் முதுகுப் பக்கத்து ஒலி அந்த ஓட்டைகள் வழியாக முன்னே வந்து, முன்பக்கத்துக் கனத்த ஒலியைத் தின்றுவிடுகிறது. மிருதங்கத்தின் பலாக்கட்டையில் நான்கு துளை போட்டுவிட்டுத் தொப்பியைத் தட்டிப் பாருங்கள், புரியும். வெளித்தகட்டின் உட்புறத்தில் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி, உள்தகட்டின் ஓட்டைகளையும் அதைக் கொண்டே அடைக்க வேண்டும். தார் ஷீட் மலிவு என்பார்கள். சித்திரை வெயிலில் உருகி வழியும். ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் இடையே இறுக்கமான வளையம் வேண்டும். கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே திருகாணியை முறுக்க வேண்டும்.

கதவின் அடியில் உள்ள சிறு துளைகளை மட்டும் அடைக்க விடாதீர்கள், மழைத்தண்ணீர் வடியும் வழி அது. தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் வீசிவிட விடாதீர்கள், அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது அதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் என் மைத்துனர் காரில் அதைக் கிழித்து எறிந்துவிட்டு, பிரமாதமாக வேலை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் அடைமழை. மிதியடிக்குக் கீழே கார்ப்பெட் ஊறி, பொங்கல் வரை ஈர நாற்றம். அவர் இன்றும் பெண் வீட்டார் முன்னிலையில் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

கடையை விட்டுக் கிளம்புமுன் ஒரு சோதனை. பேலன்ஸை நடுவில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். பாடகர் டேஷ்போர்டின் நடுவில் உட்கார்ந்து பாடாமல் காரெங்கும் அலைந்தால், ஒரு பக்கம் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அப்போதும் கனத்த ஒலி காணாமல் போகும். சந்தேகம் இருந்தால், வயரைக் கழற்றிய ஸ்பீக்கரின் முனைகளில் சுவர்க் கடிகார பேட்டரியை ஒரு கணம் தொட்டால் போதும். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே துள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லை என்றால், கனத்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்வூஃபர், சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறிய அளவில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கும். ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை எடுத்துக்கொள்ளும் வகையாகக் கேளுங்கள், ஸ்டீரியோவைத் தொட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு மாதம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாரண்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வயரை வெட்டினால் சிக்கல் வரலாம், அதனால் கட்டிங் பிளேயரோடு நெருங்கும் ஆளைத் தடுத்து நிறுத்துங்கள். உங்கள் கார் மாடலுக்குப் பொருந்தும் கப்ளர், அதாவது வயர்களை இணைக்கும் பிளக், கடையில் கிடைக்கும். அதைப் போட்டால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். கழற்றிய ஸ்பீக்கர்களைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வையுங்கள். காரை விற்கும்போது அவற்றையே திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, புதியவற்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.