இங்கிலாந்தில் சில பப்களில் செல்போனுக்குத் தடை இருக்கிறதாம். நம் ஊர் டீக்கடைகளிலும் அப்படி ஒரு விதி வைத்தால் என்ன?

நீங்கள் கடை நடத்துகிறவரா, கடைக்கு வருகிறவரா என்று கேள்வியில் இல்லை. கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்த யாரோ சத்தமாக ரீல்ஸ் ஓடவிட்டு உங்கள் காலை டீயைக் கெடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அந்த எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரியும். பாம்பனில் டீக்கடை வைத்திருக்கிறேன். அப்பா போட்ட கடை. நீங்கள் கேட்கிற தடையை நான் போட்டே பார்த்துவிட்டேன். இருபத்து மூன்று நாள் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதில்.

முதலில் அந்த பப் விஷயம். அது வதந்தி இல்லை, உண்மைதான். என் அக்கா மகன் அப்போது லீட்ஸில் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் டாட்காஸ்டர் என்று ஓர் ஊர். அங்கே 1758-லிருந்து சாமுவேல் ஸ்மித் என்ற பீர் ஆலை இருக்கிறது. அவர்களுக்கு நாடு முழுக்க 200-க்கும் மேல் பப் உண்டு. 2004-ல் பப்பில் பாட்டுப் போடுவதை நிறுத்தினார்கள். 2017-ல் கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்றார்கள். 2019-ல் செல்போன், லேப்டாப், டேப்லெட் எதுவும் உள்ளே கூடாது என்று உத்தரவு போட்டார்கள். போன் வந்தால், சிகரெட் பிடிக்க எழுந்து வெளியே போவது மாதிரி வெளியே போய்ப் பேச வேண்டும். ஆட்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேச வேண்டும் என்பதுதான் காரணம்.

அதற்கு முன்பே 2016-ல் ஹோவ் என்ற கடற்கரை ஊரில் ஒரு பார்க்காரர் கூரையில் செம்புக் கம்பி வலையும் சுவரில் அலுமினியத் தாளும் அடித்து சிக்னலே உள்ளே வராமல் செய்துவிட்டார். சிக்னலை முடக்குகிற ஜாமர் கருவி வைத்தால் அங்கே குற்றம். நம் நாட்டிலும் அரசு அனுமதி இல்லாமல் ஜாமர் வைக்க முடியாது, யாரும் முயற்சி செய்யாதீர்கள். ஆனால் கம்பி வலை தானாகத் தடுப்பது ஜாமர் கணக்கில் வராதாம். அதற்குப் பதிலாக மேஜைக்கு மேஜை பழைய காலத்துச் சுழற்றுகிற போன் வைத்து, அதில் ஒருத்தரோடு ஒருத்தர் பேசச் சொல்லியிருக்கிறார்.

மருமகன் இதையெல்லாம் போனில் சொன்னபோது எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பப் என்றதும் நம் ஊர் டாஸ்மாக் பாரை நினைக்காதீர்கள். பப்ளிக் ஹவுஸ் என்பதன் சுருக்கம்தான் அது. அந்தத் தெரு ஆட்கள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற இடம். இங்கே அந்த வேலையைச் செய்வது டீக்கடைப் பெஞ்சுதான்.

கடைக்கு விதி வைப்பது நமக்குப் புதுசும் இல்லை. ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’, ‘கடன் அன்பை முறிக்கும்’ இரண்டையும் பார்க்காமல் தமிழ்நாட்டில் யாரும் டீ குடித்து வளர்ந்திருக்க முடியாது. எங்கள் கடையில் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. போர்டில் எழுதாத விதி. அப்பா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயலில் சொந்தபந்தங்களைக் கொடுத்துவிட்டு வந்து பாம்பனில் கடை போட்டவர். கடையில் ஒரு மர்பி ரேடியோ இருந்தது. பகலெல்லாம் இலங்கை வானொலி பாடும், யார் வேண்டுமானாலும் பேசலாம், சண்டை கூடப் போடலாம். வானிலை அறிக்கை தொடங்கிவிட்டால் கடை அப்படியே அடங்கிவிட வேண்டும். அப்பா டீ ஆத்துவதைக் கூட நிறுத்திவிடுவார். வடை சட்டியில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். ‘வங்கக் கடலில்’ என்று அந்தக் குரல் ஆரம்பிக்கும்போது பெஞ்சில் இருக்கிற முப்பது பேரும் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் யாராவது பேசினால் அப்பா திட்ட மாட்டார். பேசுகிற ஆளின் கிளாஸை வாங்கி வைத்துவிடுவார். அவ்வளவுதான்.

அந்தக் கடையில் வளர்ந்தவனுக்கு இப்போதைய சத்தம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2016-ல் ஜியோ வந்த பிறகு எல்லார் கையிலும் டேட்டா. ஒருத்தர் காமெடி ஓட்டுவார், அடுத்தவர் பங்குத்தந்தை பிரசங்கம் ஓட்டுவார், மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் வந்த சண்டையைத் திரும்பத் திரும்பப் போடுவார். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ‘மச்சான், நேத்து என்ன பாடு?’ என்று கேட்கிறவன் இல்லை. பாடு என்றால் இங்கே மீன் கிடைத்த அளவு.

ஆகவே 2019 கார்த்திகையில் போர்டு வைத்தேன். ‘கடைக்குள் செல்போன் பயன்படுத்தக் கூடாது.’ கிளாஸ் அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு பனை ஓலைப்பெட்டி தொங்கவிட்டேன். உள்ளே வருகிறவர்கள் போனைச் சைலண்டில் போட்டு அதில் வைத்துவிட வேண்டும். எனக்கே ஆச்சரியம், முக்கால்வாசிப் பேர் வைத்தார்கள். அப்பா பெயருக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. பேச்சு திரும்ப வந்தது. ஒருத்தர் பேப்பரை உரக்க வாசிக்க, நாலு பேர் கேட்டார்கள். உண்மையாகச் சொல்கிறேன், அந்த மூன்று வாரமும் கடை என் சின்ன வயசில் இருந்த மாதிரி இருந்தது. பெருமையாக மருமகனுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இருபத்து மூன்றாவது நாள். வாடைக்காற்று கொஞ்சம் பலமாகவே இருந்தது. கடைக்குத் தினமும் வருகிற பெரியவர் ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுவேன், ஆறு மணிக்கு வந்து போனைப் பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவர் மகன் ராத்திரி தென்கடல் பக்கம் நாட்டுப்படகில் போயிருந்தான். ஆறரை இருக்கும், பெட்டி லேசாக உறுமியது. சைலண்டில் இருக்கிற போன் பக்கத்துப் போனில் மோதி அதிர்கிற சத்தம். நின்றது. மறுபடி உறுமியது. எனக்குக் கேட்டது. இதை நான் யாரிடமும் மறைக்கவில்லை, எனக்கு நன்றாகக் கேட்டது. யாருக்கோ வீட்டிலிருந்து வருகிறது, விதி என்றால் விதி என்று டீயை ஆத்திக்கொண்டிருந்தேன்.

மாமா ஏழு மணிக்குக் கிளம்பும்போது போனை எடுத்தார். ஏழு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப். மகனின் படகில் புரொப்பல்லரில் வலை சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. குருசடைத் தீவுக்குத் தெற்கே காற்று அவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் டவர் கிடைக்கும், அதைத் தாண்டினால் வாக்கிடாக்கிதான். அந்தப் படகில் வாக்கிடாக்கி ரிப்பேர். டவர் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், சார்ஜ் தீருகிற வரைக்கும், அப்பாவைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

மாமா செருப்பைக் கூடப் போடாமல் கரைக்கு ஓடினார். அங்கிருந்து இரண்டு படகு கிளம்பின. பத்து மணிக்கு மேல் கண்டுபிடித்துக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நாலு பேரும் பத்திரமாக வந்தார்கள். ஒரு கீறல் கிடையாது. ஆனால் அந்த மூன்று மணி நேரம் நான் கடையில் என்ன செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பது நாள் கடைக்கு வரவில்லை. அத்தைதான் மறுநாள் வந்தார்கள். டீ வேண்டாம் என்றார்கள். ஓலைப்பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

‘ஏம்ப்பா, ஒங்க அப்பா அந்த ரேடியோவ எதுக்குய்யா வச்சிருந்தாரு?’

அவ்வளவுதான் கேட்டார்கள். போய்விட்டார்கள். அன்று மதியமே போர்டைக் கழற்றிவிட்டேன்.

‘பப்பில் தடை போட்டால் சரி, உன் கடையில் மட்டும் தப்பா?’ என்று சிலர் கேட்பீர்கள். டாட்காஸ்டரில் பீர் குடிக்கிறவர் வெளியே போய்ப் பேச முடியும். என் விதியில் போன் அடிப்பதே ஆளுக்குத் தெரியாமல் போனது, தப்பு அங்கேதான். அதோடு என் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குக் கடலில் ஆள் இருக்கிறது. அப்பா கடையை அமைதியாக்கியது கடல் சேதி காதில் விழுவதற்காக. நான் அமைதி வேண்டும் என்று கடல் சேதியையே அடைத்துவிட்டேன். அத்தை கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

இப்போது இருக்கிற போர்டு இது: ‘போன் பேசலாம். போனைப் பாடவிடக் கூடாது. கடலிலிருந்து அழைப்பு வந்தால் எல்லோரும் அமைதி.’ அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இரண்டு எண்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. உங்கள் ஊர் கடற்கரை என்றால் இந்த இரண்டையும் மறக்காமல் எழுதிப் போடுங்கள்.

போர்டு மட்டும் போதுமா என்றால் போதாது. சத்தமாக வீடியோ ஓடினால் அங்கிருந்தே கத்தாதீர்கள், நாலு பேர் முன்னால் சொன்னால் யாருக்கும் ரோஷம் வரும். நான் டீயைக் கையில் கொடுக்கும்போது குனிந்து, ‘தம்பி, சத்தத்த மட்டும் கொறச்சுக்கப்பா’ என்பேன். பையன்கள் உடனே குறைத்துவிடுவார்கள். பெரியவர்களிடம்தான் கஷ்டம், பாதிப் பேருக்குச் சத்தத்தை எங்கே குறைப்பது என்றே தெரியாது. வாங்கி நானே குறைத்துக் கொடுத்துவிடுகிறேன்.

‘டீக்குக் காசு கொடுக்கிறேன், நீ யார் எனக்கு விதி சொல்ல?’ என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு தமிழ்நாட்டில் பல கோயில்களில் போனை வெளியே கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம்? என் கடை கோயில் என்று சொல்லவில்லை, அப்படித் திரித்து எழுதாதீர்கள். ஓர் இடத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கலாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் இருக்கிறது, அதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டீ குடிக்கிறவர்களை வீடியோ எடுக்கக் கூடாது. இரண்டு வருடம் முன்பு வெளியூர்ப் பையன்கள் இரண்டு பேர் மைக்கோடு வந்தார்கள். அந்த வாரம்தான் எங்கள் பக்கத்துப் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை பிடித்திருந்தது. பிடிபட்டவரின் மனைவி கைக்குழந்தையோடு பால் வாங்க வந்திருந்தது. மைக்கை நீட்டியதும் நிதானமாகத்தான் பேசியது அந்தப் பெண். அந்தப் பையன் சொல்கிறான், ‘அக்கா, கொஞ்சம் அழுதுக்கிட்டே சொன்னா நல்லாருக்கும்.’ எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. இரண்டு பேரையும் வெளியே அனுப்பினேன். மறுநாள் மேப்பில் என் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம், ‘ஓனர் ரொம்ப ரூட்’ என்று. இருந்துவிட்டுப் போகட்டும். அதை இன்னும் யாராவது படித்துவிட்டு வந்து என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள்.

இவர்களைப் போல வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் பாம்பன் பாலத்தின் மேல் காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவர்கள். 1988-ல் அந்த ரோட்டுப் பாலம் வந்தபோது எங்கள் ஊரே திருவிழாவாக இருந்தது, தீவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரோட்டிலேயே போகலாம் என்று. இப்போது ஞாயிற்றுக்கிழமையில் ஆம்புலன்ஸ் வந்தால் பாலத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது. புதிய ரயில் பாலம் தூக்குவதை எடுக்க ஒரே கூட்டம். எடுக்கட்டும், எனக்கும் அந்தப் பாலத்தைப் பார்க்கப் பிடிக்கும். ஓரமாக நடந்து வந்து எடுக்கலாமே? அதோடு பேப்பர் கப்பில்தான் டீ வேண்டும் என்று கேட்கிறார்கள். பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு 2019 ஜனவரியிலிருந்தே தமிழ்நாட்டில் தடை. கண்ணாடி கிளாஸைச் சுடுதண்ணீரில் கழுவித்தான் தருகிறேன் என்றாலும் முகம் சுளிக்கிறார்கள். பக்கத்தில் வாங்கிக் குடித்துவிட்டுக் கரையில் போடுகிறார்கள். அது எங்கள் வலையில்தான் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்த ஓலைப்பெட்டியை நான் தூக்கிப் போடவில்லை. இப்போது அதில் நாலைந்து சார்ஜர் வயர் கிடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் கடை திறந்ததுமே கடலுக்குப் போகிற பையன்கள் போனைச் செருகிவிட்டு டீ சொல்வார்கள், நூறு ஏறிய பிறகுதான் எடுத்துப் போவார்கள். காசு வாங்குவதில்லை.

மாமா பத்தாவது நாள் வந்தார். எப்போதும் உட்கார்கிற இடத்திலேயே உட்கார்ந்தார். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, திரை மேலே இருக்கிற மாதிரி பெஞ்சில் தன் பக்கத்தில் வைத்தார். ‘டீ போடுய்யா’ என்றார். இன்றைக்கும் அப்படித்தான் வைக்கிறார்.