இரத்தப் பரிசோதனையில் குடல்வால் அழற்சியின் தீவிரம் தெரியுமா?

மகனுக்கு வலது அடிவயிற்றுக் குத்து, வெள்ளையணு 14,000, குடல்வால் வெடித்துவிட்டதா என்று மாங்குளத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 11,000க்கு மேல் போனால் அழற்சி இருக்கலாம், அவ்வளவுதான்.

சீஆர்பி (CRP), அதாவது அழற்சி வந்தால் இரத்தத்தில் கூடும் ஒரு புரதம், கூடுதல் துப்புத் தரும். ஆனால் மெதுவாகத்தான் ஏறும். வலி தொடங்கி முதல் 12 மணித்தியாலத்துக்குள் இரத்தம் எடுத்தால் சாதாரணமாகவே காட்டலாம். அதனால் ரிப்போர்ட்டில் இரத்தம் எடுத்த நேரத்தையும் பாருங்கள். இரண்டாம் நாளில் சீஆர்பி 100ஐத் தாண்டி, பிலிருபினும் (மஞ்சள் காமாலையில் கூடுகிற நிறப்பொருள்) கூடியிருந்தால், குடல்வால் அழுகியோ ஓட்டை விழுந்தோ இருக்குமோ என்று டொக்டர் யோசிப்பார்.

எப்படியும் இன்றே சத்திரசிகிச்சை நிபுணர் வயிற்றில் கைவைத்துப் பார்க்கட்டும். குத்து சட்டென்று குறைந்து, அப்புறம் வயிறு பலகைபோல் இறுகினால் அடுத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் வரும். போகும்வழியில் தேத்தண்ணிகூடக் கொடுக்காதீர்கள்.